கல் ஏறிய பாதை

1853, ஏப்ரல் 16. பம்பாய் நகரிலே 21 பீரங்கிக் குண்டுகள் முழங்கின. அழைப்புப் பெற்ற பெருமக்கள் ஏறத்தாழ 400 பேர், 14 பெட்டிகளில் அமர்ந்து தானாவுக்குப் புறப்பட்டனர். இந்தியாவில் இரயில் பிறந்த நாள் அதுவென்று ஏடுகள் எழுதின. பள்ளிப் பிள்ளைகள் இன்றும் அந்த நாளைத்தான் மனப்பாடம் செய்கின்றனர்.

ஆனால், அதற்கு 16 ஆண்டுகள் முன்பே, 1837இல், சென்னைக்கு வடமேற்கே, புழல் ஏரியை அடுத்த செங்குன்றத்திலே தண்டவாளம் கிடந்தது. செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரை சென்ற அந்தப் பாதைதான் இந்தியாவில் ஓடிய முதல் இருப்புப் பாதை. போட்டவர் ஆர்தர் காட்டன். பின்னாளில் கோதாவரியில் அணை எழுப்பிப் புகழ் பெற்ற அதே பொறியாளர். வில்லியம் ஆவெரி என்பாரின் சுழல் நீராவிப் பொறிகூட அதன்மீது ஓட்டிப் பார்க்கப்பட்டது.

அந்தப் பாதையிலே ஏறிச் சென்றது யார்? ஆளுநரா? அவருடைய துணைவியாரா? வணிகரா? எவருமில்லை. ஏறியது கல்! செங்குன்றத்துச் செம்புரைக் கல். சென்னைப் பட்டினத்துச் சாலைகள் மழைக்குச் சேறாகவும் வெயிலுக்குப் புழுதியாகவும் கிடந்தன. அவற்றைக் கெட்டியாக்கக் கல் வேண்டும். கல்லைக் கொண்டுசேர்க்க வண்டி வேண்டும். மாட்டு வண்டியைவிட மலிவாகச் சுமக்கத் தண்டவாளம் வேண்டும். தேவை அவ்வளவே. 1845 வாக்கில் அந்தப் பாதையின் வாழ்வு முடிந்தது. தண்டவாளம் போயிற்று, நினைவும் போயிற்று.

பெருமக்கள் ஏறிய வண்டி வரலாறு ஆயிற்று. கல் ஏறிய வண்டி மறக்கப்பட்டது. கல்லின் கதியே இதுவென்றால், அந்தக் கல்லை உடைத்தவன் கதி என்ன? காட்டன் பெயர் நமக்குத் தெரிகிறது. ஆவெரி பெயர் தெரிகிறது. சம்மட்டி பிடித்த ஒருவன் பெயரேனும் தெரிகிறதா? தெரியவில்லை. பாதை போட்ட அறிவைப் பாராட்டுவோம். அதில் நமக்குத் தயக்கமில்லை. புராணத்திலே புட்பக விமானம் பறந்தது என்று பெருமை பேசிய நாட்டிலே, ஒரு வண்டிக் கல்லை ஊரிலிருந்து நகருக்குக் கொண்டுவர வழியற்றுக் கிடந்தோம். கற்பனை விமானத்தைவிடக் கல் சுமந்த தண்டவாளம் ஆயிரம் மடங்கு மேல்! ஆனால், பாராட்டி முடித்ததும் பகுத்தறிவாளன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. பாதை யாருக்காகப் போடப்பட்டது? போட்ட பாதை யாருக்குத் திறந்தது?

முதற் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம்.

1856, சூலை 1. வடசென்னையின் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம், வாலாசா ரோடு வரை, தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில் ஓடிற்று. இராயபுரத்து நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. இந்நாட்டில் அந்நாள் வடிவம் குலையாமல் எஞ்சிய நிலையங்களில் மிகப் பழையது அதுவே. துறைமுகக் கரை அருகே நிலையம் அமைந்ததன் பொருளை எண்ணிப் பாருங்கள். உள்நாட்டுப் பருத்தியும் தோலும் கடலுக்கு வர வேண்டும். கப்பலில் வந்த சீமைத் துணி உள்நாட்டுக்குப் போக வேண்டும். போட்ட முதலுக்கு 5 விழுக்காடு வரை வட்டி உறுதி என்று இலண்டன் முதலாளிகளுக்கு வாக்களிக்கப்பட்டது. இலாபம் வந்தால் கம்பெனிக்கு. வராவிட்டால் வட்டியை இட்டு நிரப்புவது இந்நாட்டு உழவனின் வரிப்பணம். சூதாட்டத்திலேகூட இத்தகைய வசதி கிடையாது!

நீர்வழியின் கதையும் இதற்கு இளைத்ததன்று. சென்னையிலிருந்து எண்ணூருக்கு 1806இல் வெட்டப்பட்ட கால்வாய், படிப்படியாக நீண்டு, பின்னர் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. ஆந்திரத்துப் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர். விறகும் உப்பும் நெல்லும் படகேறி வந்தன. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது எப்போது? 1877–78இல். வெட்டியவர் யார்? தாது வருடப் பஞ்சத்திலே அடிபட்டு, எலும்பும் தோலுமாய்ச் சென்னைக்கு வந்து சேர்ந்த மக்கள். 1877இன் தொடக்கத்தில், பஞ்ச வேலைக்கு வந்த ஓர் ஆண்மகனுக்கு நாள் கூலியாக ரிச்சர்டு டெம்பிள் வகுத்தது ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். அது உயிரைப் பிடித்துவைக்கவும் போதாது என்று சென்னை மாகாணத்துச் சுகாதார அதிகாரி கார்னிஷ் வாதாடினார். கால்வாய்க்கு ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் வைக்கப்பட்டது. வெட்டியவனுக்கு வைக்கப்பட்டது வாய்க்கரிசி!

அந்தப் பஞ்சத்தின்போது இரயில் இல்லாமலா போயிற்று? இருந்தது. சென்னைத் துறைமுகக் கரையிலே தானிய மூட்டைகள் மலைபோல் குவிந்தன. வண்டிகள் அவற்றை உள்நாட்டுக்குச் சுமந்தன. ஆயினும் இலட்சம் இலட்சமாக மக்கள் மடிந்தனர். ஏன்? தானியம் வந்தது, அதை வாங்கும் காசு உழவன் கையிலே இல்லை. தண்டவாளம் மூட்டையைத் தூக்கி வரும். மூட்டையின் விலையை இறக்காது. நாட்டுக்கு இரயிலைவிட நீர்ப்பாசனமும் நீர்வழியுமே முதல் தேவை என்று ஆர்தர் காட்டனே பிற்காலத்தில் ஓயாமல் வாதாடினார். நம் நாட்டின் முதல் தண்டவாளத்தைப் போட்டவர் வாயிலிருந்து வந்த சொல் அது!

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையா? கடல் கடந்து பார்ப்போம். கிழக்கு ஆப்பிரிக்காவிலே, மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரிக்கு 1896 முதல் 1901 வரை ஆங்கிலேயர் இரயில் போட்டனர். அதற்காக இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட கூலிகள் ஏறத்தாழ 32,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே மாண்டனர். அடிமைப்பட்டிருந்த ஆப்பிரிக்காவின் படத்தை விரித்து வையுங்கள். தண்டவாளங்களில் பெரும்பாலானவை சுரங்கத்திலிருந்தோ தோட்டத்திலிருந்தோ புறப்பட்டு நேரே கடலுக்கு ஓடும். பக்கத்து நாட்டை நாடிப் போகும் பாதை அரிது. செங்குன்றத்துக் கல் வண்டி ஒரு கண்டம் முழுவதும் ஓடியது போன்ற காட்சி!

விடுதலை பெற்றபின் அவர்கள் என்ன செய்தனர்? சாம்பியாவுக்குக் கடற்கரை இல்லை. அதன் செம்பு வெளியேறும் வழி, வெள்ளைச் சிறுபான்மையினர் ஆண்ட ரொடீசியா வழியாகச் சென்றது. கழுத்திலே கயிறு, கயிற்றின் மறுமுனை நிறவெறியன் கையிலே! எனவே தான்சானியாவும் சாம்பியாவும் கைகோத்து, சீனத்தின் துணையோடு, 1970 முதல் 1975 வரை உழைத்து, தார்எஸ்ஸலாம் துறைமுகம்வரை 1,860 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய இரயில் பாதை போட்டன. அங்கும் ஏறியது செம்புதான். ஆனால், அது எத்திசையில் போக வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் அந்நாட்டு மக்கள். பாதையின் திசையை முடிவு செய்பவன் எவனோ, அவனே நாட்டின் உடைமையாளன். முதற் கேள்விக்கு விடை அது.

இனி இரண்டாவது கேள்வி. பாதை யாருக்குத் திறந்தது?

பம்பாய் இரயில் ஓடிய அதே 1853ஆம் ஆண்டிலே, இலண்டனிலிருந்து நியூயார்க் ஏடு ஒன்றுக்குக் கார்ல் மார்க்சு இந்தியாவைப் பற்றி எழுதினார். இரயிலின் பின்னே தொழில்கள் வரும். அந்தத் தொழில்கள், சாதிக்கு அடித்தளமான பரம்பரைத் தொழிற் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்த்தார். மக்கள் ஆட்சியைத் தம் கையில் எடுக்கும்வரை அதன் முழுப்பயன் அவர்களுக்குக் கிட்டாது என்றும் சேர்த்தே சொன்னார். பேரறிஞரின் நம்பிக்கை. அது பொய்த்ததா, பலித்ததா?

பாதி பலித்தது. ஒரே பெட்டியிலே, ஒரே பலகையிலே, தீண்டத்தகாதவர் என்று தள்ளப்பட்டவரும் தள்ளியவரும் தோளோடு தோள் உரச உட்கார நேர்ந்தது. வண்டி யாருக்காகவும் தீட்டுக் கழிக்க நிற்கவில்லை. பயணச் சீட்டுக்குக் கோத்திரம் தெரியாது. சாத்திரம் ஆயிரம் ஆண்டுகளாகப் போட்ட வேலியிலே இரயில் ஓர் ஓட்டை போட்டது உண்மை.

ஆனால் மறு பாதி? வண்டியிலே ஓட்டை விழுந்த வேலியை நிலையத்திலே தைத்துக்கொண்டனர்! சிற்றுண்டிச் சாலைக்குள் நுழைந்தால் ‘பிராமணர்’ என்று ஒரு பலகை. ‘இதராள்’ என்று மற்றொரு பலகை. வண்டிக்குள் ஒட்டி உட்கார்ந்து வந்தவர், இறங்கியதும் வெட்டிப் பிரிந்து உண்ண வேண்டும். நீராவிப் பொறி சீமையிலிருந்து வந்தது. பலகை மனுவிடமிருந்து வந்தது. தந்தை பெரியாரும் தோழர்களும் விடாது கிளர்ச்சி செய்த பின்னரே, 1941இல், தென்னக இரயில் நிலையங்களிலிருந்து அந்தப் பலகைகள் இறங்கின. இராயபுரத்தில் முதல் வண்டி புறப்பட்டு 85 ஆண்டுகள் கழித்து! அந்த 85 ஆண்டுகளிலே இரயில் எத்தனையோ ஆயிரம் மைல் ஓடிற்று; பலகை ஓர் அங்குலம் நகரவில்லை. நகர்த்தியது நீராவி அன்று, போராட்டம்.

நிலையத்தைத் தாண்டினால் நிலைமை இன்னும் கொடியது. 1901ஆம் ஆண்டு. பத்து வயதும் நிரம்பாத அம்பேத்கர், அண்ணனோடும் உறவுச் சிறுவர்களோடும், தந்தை பணியாற்றிய ஊருக்குப் போக மாசூர் நிலையத்தில் இறங்கினார். நல்ல உடை; கையிலே காசு. இரயில் அவர்களைத் தடுக்கவில்லை. சாதி இன்னதென்று தெரிந்ததும் நிலைய அதிகாரி பின்வாங்கினார். மாட்டு வண்டிக்காரர் எவரும் ஏற்ற மறுத்தனர். கடைசியில் ஒருவன் இரட்டைக் கூலி பேசினான். அதுவும் சிறுவர்களே வண்டியை ஓட்ட வேண்டும், தான் நடந்து வருவான் என்ற நிபந்தனையோடு! அன்றிரவு வழி நெடுகக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பாரில்லை. பிற்காலத்தில் அவரே எழுதிவைத்த செய்தி இது. இரயில் நிலையம்வரை கொண்டுவந்து விட்டது. மிச்சமிருந்த சில மைல்களில் சாதி உட்கார்ந்திருந்தது.

சாலையின் கதை மட்டும் வேறா? வைக்கத்திலே கோயிலைச் சுற்றிய தெருக்களில் நாய் போகலாம், பன்றி போகலாம். ஈழவரும் புலையரும் போகக் கூடாது. 1924, மார்ச் 30இல் அறப்போர் தொடங்கிற்று. தலைவர்கள் சிறைப்பட்டதும் பெரியார் சென்றார். இருமுறை சிறை புகுந்தார். நாகம்மையார் களம் கண்டார். 1925இன் இறுதியில் தெருக்கள் திறந்தன. அப்போதும் கிழக்குத் தெரு திறக்கவில்லை! அதே 1924இல், சென்னைச் சட்டமன்றத்திலே இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலையிலும் கிணற்றிலும் எல்லாச் சாதியினருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். எல்லோர் வரிப்பணத்திலும் போட்ட சாலையில் எல்லோரும் நடக்கலாம் என்பதற்குத் தீர்மானம் வேண்டியிருந்தது!

பிறகு பஸ் வந்தது. பழைய நோய் புதிய வண்டியில் ஏறிக்கொண்டது. தாழ்த்தப்பட்டோரை ஏற்றுவதில்லை என்று பஸ் முதலாளிகள் இறுமாந்திருந்த காலத்தில், இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தார் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார், 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டின் தலைவரும் அவரே. ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் உரிமம் பறிக்கப்படும் என்றார். இலாபத்தில் கை வைத்ததும் முதலாளிகளின் சாத்திரம் சட்டெனச் சுருண்டது! உலகின் மறுபுறத்தையும் பாருங்கள். அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில், 1955, டிசம்பர் 1 அன்று, வெள்ளையனுக்காக எழுந்து இடம் தர மறுத்தார் ரோசா பார்க்சு என்ற கறுப்பினப் பெண். 381 நாட்கள் அந்நகரின் கறுப்பு மக்கள் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே சென்றனர், வென்றனர். அந்த நாட்டிலும் பஸ்ஸில் இருக்கையைப் போராடியே பெற வேண்டியிருந்தது.

பொறி மாறினால் மனமும் தானே மாறும் என்று நம்பியிருப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2019, அக்டோபர் 8. பிரான்சு நாட்டிலே, ரஃபேல் போர் விமானத்தின் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார் இந்தியாவின் பாதுகாப்பு அமைச்சர். ஒலியைவிட விரைந்து பறக்கும் விமானத்துக்கு எலுமிச்சம்பழத்தின் காவல்!

நம் தமிழ்நாட்டின் கணக்கையும் நாமே பார்க்க வேண்டாமா? பிறர் முதுகை மட்டும் பார்ப்பது பகுத்தறிவு ஆகாது. 1972இல் கழக ஆட்சி பெரும் பஸ் நிறுவனங்களை நாட்டுடைமை ஆக்கியது. அவ்வாண்டு சனவரி 1 முதல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் இயங்கிற்று. இலாபமில்லா ஊருக்கும் பஸ் சென்றது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர். கூலியிலே மிஞ்சுவது அவர்கள் கையிலேயே தங்குகிறது. இவை பெருமைக்குரியவை.

ஆனால், 1997ஐ மறக்கலாமா? விருதுநகரில் தொடங்கப்பட்ட போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மன் படையில் நின்று உயிர் கொடுத்த வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. அவர் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கிளம்பினர் ஆதிக்கச் சாதியினர். கலவரம் மூண்டது, உயிர்கள் பலியாயின. முடிவில், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும், எல்லாத் தலைவர்களின் பெயர்களும் அகற்றப்பட்டன. பெரியார் பெயர் போயிற்று. அண்ணா பெயர் போயிற்று. காமராசர் பெயரும் போயிற்று. தீயை அணைக்க அன்றைய அரசுக்கு அதுவே வழியாகத் தோன்றியது. பெயர்கள் இறங்கின; சாதி இறங்கியதா? ஒருவர் பெயரை ஏற்க மறுத்தவர்களைத் திருத்த முடியாமல், அத்தனை பெயர்களையும் பலி கொடுத்தோம். பேருந்தின் நெற்றி வெறுமையாயிற்று. அந்த வெறுமை, நம் இயக்கம் செய்து முடிக்காத வேலையின் அடையாளம்.

அதன்பின் பதினோர் ஆண்டுகள் கழித்து, 2008, மே 6 அன்று, மதுரை மாவட்டம் உத்தபுரத்தில், தாழ்த்தப்பட்ட மக்களின் வழியை மறித்து நின்ற சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. மார்க்சிஸ்ட் தோழர்களும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியினரும் போராடிய பின்னரே அரசின் இயந்திரம் வந்தது. வைக்கத்துக்கும் உத்தபுரத்துக்கும் இடையே 84 ஆண்டுகள். இரண்டு இடத்திலும் கேட்டது ஒன்றே: நடக்க வழி!

இத்தனையும் சொன்னது, பாதைகள் பயனற்றவை என்று சொல்வதற்காக அன்று. பாதை வேண்டும், இன்னும் வேண்டும். வடசென்னையைப் பாருங்கள். எண்ணூரிலே 2001இல் புதிய துறைமுகம் இயங்கத் தொடங்கிற்று. அனல் மின் நிலையங்களுக்கு நிலக்கரி வந்து இறங்கிற்று. மணலியிலும் திருவொற்றியூரிலும் கண்டெய்னர் லாரிகள் சாரை சாரையாக நிற்கின்றன. சரக்குக்கு வழி உடனே பிறந்தது. அந்தச் சாலையில் சைக்கிளில் வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு? திருவொற்றியூர் வழியாக விம்கோ நகருக்கு மெட்ரோ இரயில் வந்தது 2021இல். நகரின் பிற பகுதிகளில் அது ஓடத் தொடங்கி ஐந்தாண்டுகள் கடந்தபின்! புழலுக்கும் செங்குன்றத்துக்கும் ஓர் இரயில் நிலையம் இன்றுவரை இல்லை. இந்தியாவின் முதல் தண்டவாளம் கிடந்த மண்ணிலே, பயணி ஏற ஒரு மேடை இல்லை! 1837இல் கல்லுக்குக் கிடைத்த வசதி இங்கே மனிதனுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

எனவே, தோழர்களே, ஒரு சாலை திறக்கப்படும்போது, ஒரு பாலத்துக்கு நாடா வெட்டப்படும்போது, கைதட்டுவோம். கைதட்டி முடித்ததும் கேட்போம்: இதன்மேல் போகப்போவது கல்லா, மனிதனா? இது சேரியின் வாயில்வரை வருகிறதா, ஊர்த் தெருவோடு நின்றுவிடுகிறதா? இறங்கிய இடத்திலிருந்து எல்லோரும் ஒரே தெருவழியாக வீட்டுக்குப் போக முடிகிறதா? முடியவில்லை என்றால், அந்தத் தெருவில் முன்னே நடக்க வேண்டியவர்கள் நாம்தான். பொறியாளன் போடும் பாதை ஊரையும் ஊரையும் இணைக்கும். மனிதனையும் மனிதனையும் இணைக்கும் பாதையைப் போடத் தனிப் பொறியாளன் எவனும் வரமாட்டான். அந்த வேலைக்குச் சம்மட்டி நம் கையில் இருக்கிறது, ஓங்குவோம்!